திருக்கையின் வயிற்றுப் பால்

சேலத்துக்குக் கடல் கிடையாது. கிழக்குக் கரையில் ராத்திரி ஐஸ் பெட்டியில் ஏறும் மீன், விடிவதற்குள் சூரமங்கலம் மார்க்கெட்டில் இறங்கிவிடும். போன மாதம் அண்ணிக்குப் பிரசவம் ஆனதும், "திருக்கை வாங்கிட்டு வா, பால் ஊறும்" என்று அம்மா அனுப்பினார். மீன் வெட்டும் அக்கா வயிற்றைக் கீறியபோது உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டி வந்து விழுந்தது. இரு பக்கத் துடுப்புகளும் தோசையைச் சுருட்டியதுபோல் மடிந்திருந்தன.

"இது முட்ட போடாதுங்க தம்பி, குட்டி போடற மீனு" என்றார் அக்கா.

நாம் குழம்பு வைக்கும் கட்லா லட்சக்கணக்கில் முட்டையிடும். இறாலும் அப்படித்தான். முள்வால் திருக்கையின் கணக்கு வேறு. ஆணின் இடுப்புத் துடுப்போரம் குழல் போன்ற இரண்டு உறுப்புகள் உண்டு. அவற்றில் ஒன்றின் வழியாகப் பெண்ணின் உடலுக்குள்ளேயே கருத்தரிப்பு நடக்கும். பல இனங்களில் இடப்பக்கச் சூலகமும் கருப்பையும் மட்டுமே வேலை செய்யும். பெரும்பாலும் ஓர் ஈற்றுக்குச் சில குட்டிகள்தான், சிலவற்றில் ஒன்றே ஒன்று.

கரு முதலில் மஞ்சள்கருவைத் தின்று வளரும். அது சில வாரங்களில் தீர்ந்துபோகும். தொப்புள்கொடி கிடையாது. ஆனால் கருப்பைச் சுவரெங்கும் நூல் நூலாக நீட்சிகள் முளைத்து, கொழுப்பும் புரதமும் நிறைந்த கெட்டியான திரவத்தைச் சுரக்கும். பால் என்றே சொல்லலாம். கரு அதை வாயால் குடிக்கும். சில இனங்களில் அந்த நூல்கள் குட்டியின் கண்ணுக்குப் பின்னுள்ள துளை வழியாகவே உள்ளே நுழைந்து ஊட்டுகின்றன. முட்டையில் இருந்த சத்தைப்போல் பல மடங்கு இப்படிச் சேர்கிறது. வால் முள்ளின் மேல் மெல்லிய உறை இருப்பதால் பிறக்கும்போது தாயைக் குத்தாது. (அம்மாவின் வைத்தியத்துக்கு இது சான்று ஆகாது. திருக்கை சுரப்பது அதன் குட்டிக்கு.)

இறாலும் திருக்கையும் ஒரே கடலடித் தரையில் வாழ்பவை. இறாலைத் தின்னவும் திருக்கை அங்கே வரும். இறால் சிறியது, அதனால் அதைப் பிடிக்கும் இழுவலையின் மடியில் (மீன் சேரும் பையில்) கண்ணியும் சிறியது. விசைப்படகு இழுத்துப் போகும் வழியில் படுத்திருப்பவை எல்லாம் உள்ளே போகும். வலையில் நசுங்கி மிரண்ட சினைத்திருக்கை பல நேரம் படகின் மேல்தளத்திலேயே குட்டிகளைத் தள்ளிவிடும், மஞ்சள்கருப் பை ஒட்டியிருக்கும் குறைமாதக் குட்டிகளைக்கூட. தாயை உயிரோடு கடலில் விட்டாலும் அந்த ஈற்று போனதுதான். ஆய்வாளர்களுக்கும் இது தலைவலி: காலியான கருப்பையை வைத்து எண்ணினால் குட்டிக் கணக்கு குறைந்துவிடும்.

நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வேகமாகப் பெருகும் இறாலுக்கு அது பெரிய அவகாசம். சில வருடம் வளர்ந்து பருவத்துக்கு வந்து, அப்புறம் விரல்விட்டு எண்ணும் அளவில் ஈனும் உயிருக்கு அது போதாது.

ஆமை தப்புவதற்காக மடிக்குள் கம்பித் தட்டி பொருத்தும் முறை உண்டு. பெரிய திருக்கை அதில் முட்டி, திறப்பு வழியாக வெளியேறிவிடும். கம்பிகளுக்கு இடையே சுமார் 10 செ.மீ. சந்து விடுவார்கள், இறால் நுழைய வேண்டுமே. சூரமங்கலத்தில் நான் பார்த்த அளவுக் குட்டியும் அதில் நுழைந்து மடிக்குள் போய்விடும்.