கேவியைக் கம்ப்யூட்டர் சரி செய்யாது

நாள்பட்ட இருமல், சாயங்காலமானால் காய்ச்சல். வேறொரு மையத்தில் எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயோடு ஒருவர் வந்தார். நுரையீரலில் ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். படத்தைத் திரையில் போட்டால், பார்க்க அழகாகத்தான் இருந்தது. கறுப்பு கறுப்பாக, வெள்ளை வெள்ளையாக, பளிச்சென்று. ஆனால் விலா எலும்புகள் துருத்திக்கொண்டு முன்னால் நின்றன. இதய நிழல் ஒரே வெள்ளைப் பாளம். அதற்குப் பின்னால் முதுகெலும்பு இருக்கிற தடயமே இல்லை. கோப்பின் விவரங்களைத் திறந்து பார்த்தேன். நல்ல உடல்வாகுள்ள, வளர்ந்த மனிதருக்கு 64 கேவி (எக்ஸ்ரே டியூபுக்குக் கொடுக்கிற மின்னழுத்தம், கிலோவோல்ட்டில்). முழங்காலுக்கு வைக்கிற அளவு.

உடம்பில் பட்டுச் சிதறுகிற கதிரைத் தடுக்கும் கிரிட் போட்டு 120 கேவியில் மறுபடி எடுக்கச் சொன்னேன். இதயத்துக்குப் பின்னால் இடது பக்கம் முக்கோணமாக ஒரு நிழல் வந்தது. இடது கீழ்மடல் சுருங்கி உள்ளே ஒதுங்கியிருந்தது. முதல் படம் எடுத்தபோதும் அது அங்கேதான் இருந்திருக்க வேண்டும். போதுமான கதிர் அதைத் தாண்டி வெளியே வரவில்லை, அவ்வளவுதான்.

எப்போதோ ஒன்று என்றால் பேசாமல் விட்டிருப்பேன். இதே மாதிரிப் படங்கள் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கின்றன. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

டியூபுக்குள் என்ன நடக்கிறது என்பதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது, அதற்குள் போகவில்லை. துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் மட்டும்: எத்தனை கதிர்கள் புறப்படும் என்பது எம்ஏஎஸ் (டியூப் மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கிய அளவு) கையில், ஒவ்வொன்றும் எவ்வளவு ஆற்றலோடு போகும் என்பது கேவி கையில். கேவியை ஏற்றினால் எண்ணிக்கையும் கூடத்தான் செய்யும், இருந்தாலும் அதன் முக்கிய வேலை ஊடுருவல். ஆற்றல் குறைந்த கதிர்களை எலும்பு விழுங்கிவிடும். கால்சியம் இருக்கிற இடமெல்லாம் வெள்ளையாகத் தெறிக்கும். ஆற்றல் கூடக் கூட எலும்புக்கும் சதைக்கும் உள்ள வித்தியாசம் குறைந்து படம் சாம்பலாகும். கை விரலில் முறிவு பார்க்க முதலாவது வேண்டும், 50 முதல் 55 கேவி போதும். நுரையீரலுக்கு இரண்டாவதுதான் வேண்டும். விலா எலும்பு மங்கினால்தான் அதன் பின்னால் இருக்கிற சின்னக் கட்டி தெரியும். அதனால்தான் வளர்ந்தவர்களுக்கு நெஞ்சுப் படம் 110 முதல் 125 கேவி, கிரிட்டோடு. சரியாக எடுத்த படத்தில் இதய நிழலுக்குள்ளேயே முதுகெலும்பும் நுரையீரல் ரத்தக்குழாய்களும் லேசாகத் தெரியும். தெரியவில்லையென்றால் அந்தப் படத்தை வைத்து இதயத்துக்குப் பின்னால் ஒன்றுமில்லை என்று யாரும் சொல்லக் கூடாது.

இனி என்னை எரிச்சல்படுத்துகிற வாக்கியத்துக்கு வருகிறேன். "டிஜிட்டல்தானே சார், கம்ப்யூட்டர் அட்ஜஸ்ட் பண்ணிக்கும்." அனுபவசாலி டெக்னீஷியன்களே சொல்கிறார்கள். மெஷின் விற்க வருகிறவர்கள் அதைவிடத் தைரியமாகச் சொல்கிறார்கள்.

ஃபிலிம் காலத்தில் தப்பு ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. ஊடுருவல் போதாவிட்டால் ஃபிலிம் வெளுத்து வரும், கூடிப்போனால் கறுத்து வரும். டார்க் ரூமை விட்டு வெளியே வருவதற்குள்ளேயே எடுத்தவருக்கு உறைத்துவிடும். டிஜிட்டலில் நடப்பது வேறு. ஃபிலிமுக்குப் பதிலாகக் கதிரைப் பதிவு செய்கிற டிடெக்டரில் விழுந்த அளவுகளை மென்பொருள் மொத்தமாக வாங்கி, இது நெஞ்சு, நெஞ்சுப் படம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அதற்குச் சொல்லிவைத்திருக்கிற தோற்றத்துக்கு இழுத்துப் பொருத்துகிறது. 64இல் எடுத்தாலும் 120இல் எடுத்தாலும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தில் படம் வந்து நிற்கும். ஆக, திரையில் தெரிகிற வெளிச்சம் உங்கள் செட்டிங் சரியா தப்பா என்று சொல்லவே சொல்லாது.

மென்பொருளால் வெளிச்சத்தை மாற்ற முடியும், காண்ட்ராஸ்டை மாற்ற முடியும், ஓரங்களைக் கூர்மையாக்க முடியும். வந்து சேராத கதிரை அதனால் கொண்டுவர முடியாது. ஒலிப்பதிவில் விழாத பேச்சைச் சத்தத்தைக் கூட்டிக் கேட்க முயன்றால் இரைச்சல்தானே கூடும்? இங்கேயும் அதேதான். சந்தேகமிருந்தால் அப்படி ஒரு படத்தைத் திறந்து, வெளிச்சத்தையும் காண்ட்ராஸ்டையும் மாற்றுகிற விண்டோவை இழுத்து இதய நிழலைக் கறுப்பாக்கிப் பாருங்கள். கறுப்பாகும். கூடவே பொடிப் புள்ளிகள் கிளம்பும், நுரையீரல் குழாய் ஒன்றுகூடக் கிளம்பாது. அந்தப் புள்ளிகள் வெறும் நாய்ஸ், படத்தின் இரைச்சல். அதையே நுரையீரலில் பொடிப்பொடியாக ஏதோ இருக்கிறது என்று நினைத்து, தேவையில்லாமல் சிடி ஸ்கேன் வரை அனுப்பப்பட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

"எங்க மெஷின்ல டிஐ பூஜ்யம் காட்டுது, அப்ப எக்ஸ்போஷர் சரிதானே?" என்று அடுத்த கேள்வி வரும். டிஐ, அதாவது டிவியேஷன் இண்டெக்ஸ், நல்ல கருவிதான். பூஜ்யம் என்றால் டிடெக்டருக்கு வர வேண்டிய அளவு வந்திருக்கிறது. பிளஸ் 3 என்றால் இரட்டிப்பு, மைனஸ் 3 என்றால் பாதி. ஆனால் அது சொல்வது டிடெக்டருக்கு வந்த அளவை மட்டும். எந்தக் கேவியில் வந்தது, வழியில் உடம்பில் எவ்வளவு தங்கியது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. 64 கேவி வைத்து எம்ஏஎஸ்ஸைத் தாராளமாக ஏற்றினாலும் டிஐ பூஜ்யம் காட்டும். ஊடுருவ முடியாத கதிரையெல்லாம் நோயாளியின் உடம்பு வாங்கிக்கொண்டிருக்கும், அதிலும் தோல்தான் அதிகம். ஆட்டோ எக்ஸ்போஷரும் இப்படித்தான். போதுமான கதிர் சேர்ந்ததும் நிறுத்துவது மட்டுமே அதன் வேலை, கேவி நீங்கள் வைத்ததுதான். குறைவாக வைத்தால் அது நிறுத்தாமல் காத்துக்கொண்டே இருக்கும். எக்ஸ்போஷர் நேரம் நீளும், அதற்குள் மூச்சோ இதயத்துடிப்போ படத்தைக் கலைத்துவிடும். மூச்சுத் திணறி வருகிறவர்களின் படங்கள் கலங்கிப்போவதற்கு நோயாளி அசைந்ததைக் குறை சொல்வதற்கு முன்னால் நேரத்தைப் பாருங்கள்.

இதிலிருந்தே அடுத்த தப்பும் புரிந்துவிடும்: கேவியைக் குறைத்தால் கதிர்வீச்சு குறையும் என்பது. எம்ஏஎஸ்ஸைத் தொடாமல் கேவியை மட்டும் குறைத்தால் குறையும்தான், படமும் கெட்டுப்போகும். படம் கெடாமல் இருக்க எம்ஏஎஸ்ஸை ஏற்றினால் கணக்கு தலைகீழ். கேவியை 15 சதவீதம் ஏற்றினால் எம்ஏஎஸ்ஸைப் பாதியாக்கலாம் என்பது பழைய கைக்கணக்கு. 70ஐ 80 ஆக்கினால் போதும், நோயாளி வாங்குகிற அளவு இறங்கும். இது தோராயம்தான் என்றாலும் எந்தத் திசையில் போக வேண்டும் என்பதைச் சரியாகச் சொல்லும்.

அப்புறம், இதைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் 120க்கு ஏற்றிவிடாதீர்கள். கேவி ஏறும்போது சிதறல் கதிர் படத்தை மூடும், கிரிட் இல்லாமல் அதைத் தாங்க முடியாது. வார்டில் போர்ட்டபிளில் கிரிட் இல்லாமல் எடுப்பதென்றால் 80, 90க்குள் நில்லுங்கள். விழுந்து விலாவில் அடிபட்டவருக்கு எலும்புதான் கேள்வி, 70 போதும். அயோடின் மருந்து ஏற்றி எடுக்கும்போது 65 முதல் 75. அயோடின் கதிரைப் பிடிப்பது 33 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சற்று மேலே திடீரென்று ஏறுகிறது. 65, 75 கேவியில் கிளம்புகிற கதிர்களில் பல அந்த இடத்துக்குச் சற்று மேலேதான் இருக்கும், கேவியை மேலே கொண்டுபோனால் அந்த லாபம் போய்விடும். குடலைப் பார்க்கக் கொடுக்கிற பேரியம் கெட்டியாக உட்கார்ந்திருக்கும், அதை ஊடுருவ 100க்கு மேல் வேண்டும். மார்பகப் படம் தனி உலகம், பெரும்பாலும் 25 முதல் 35க்குள் நடக்கிறது. சிடியிலும் எல்லோருக்கும் 120 என்று வைத்துவிட்டு உட்காராதீர்கள். ஒல்லியானவருக்கு ரத்தக்குழாய் பார்க்க 100 அல்லது 80 வைத்தால் டோஸும் குறையும், அயோடினும் கூடுதலாக ஒளிரும். நாய்ஸ் ஏறும், அதை எம்ஏ (டியூப் மின்னோட்டம்) வழியாகக் கவனித்துக்கொள்ளுங்கள்.

எழுதித் தரும் டாக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெறுமனே "செஸ்ட் எக்ஸ்ரே" என்று கிறுக்கித் தராதீர்கள். இருமலா, அடிபட்டதா, எதைத் தேடுகிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரி இருந்தால்தான் 70 வைப்பதா 120 வைப்பதா என்று எடுப்பவரால் முடிவு செய்ய முடியும்.

நோயாளிகளே, கொஞ்சம் லேசாக வைத்து எடுங்கள் என்று கேட்காதீர்கள், தயவுசெய்து. கர்ப்பமாக இருக்கலாம் என்றால் முதலிலேயே சொல்லுங்கள். மூச்சை இழுத்துப் பிடி என்றால் பிடியுங்கள். மறுபடி எடுக்க வேண்டி வந்தால்தான் உங்களுக்கு இரண்டாவது டோஸ். பழைய படம் இருந்தால் அச்சிட்ட தாளாக இல்லாமல் கோப்பாகவே கொண்டுவாருங்கள். மருத்துவப் படங்களைச் சேமிக்கிற டைகாம் கோப்பில் கேவிக்கென்றே ஓர் இடம் உண்டு, பல சந்தேகங்கள் அங்கேயே தீர்ந்துவிடும். கேசட் போட்டு எடுக்கிற சிஆர் மெஷின்களில் அது பெரும்பாலும் காலியாக இருக்கும். கேசட்டைப் படிக்கிற ரீடருக்கு எக்ஸ்ரே ஜெனரேட்டரில் என்ன வைத்தார்கள் என்று தெரியாது. அங்கே வேலை செய்பவர்கள் கையால் பதிவு செய்யுங்கள், சோம்பல்படாதீர்கள்.

டெக்னீஷியன்களுக்கு: கண்ட்ரோல் பேனலில் முந்தைய நோயாளிக்கு வைத்த அளவு அப்படியே நிற்கும். ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டு அழுத்துங்கள். டிடெக்டரைப் புதிதாக மாற்றியிருக்கிறீர்கள், சுவரில் மட்டும் ஃபிலிம் காலத்து எக்ஸ்போஷர் அட்டவணை இன்னும் தொங்குகிறது என்றால் இன்றைக்கே கழற்றுங்கள். புதிதாக எழுதும்போது ஒல்லி, நடுத்தரம், குண்டு என்று எழுதாமல் உடல் பருமனைச் சென்டிமீட்டரில் அளந்து எழுதுங்கள். அளக்க ஒரு கேலிப்பர் அறையிலேயே இருக்கட்டும்.