டிஃபிபிரிலேட்டர்: இதய உதறல்நீக்கி

லத்தீனில் ‘ஃபிபிரா’ என்றால் நார். ‘ஃபிபிரில்லா’ சிறு நார். இதயத் தசையின் நார்கள் ஒழுங்கு கெட்டுத் தனித்தனியாகத் துடிப்பது ஃபிபிரிலேஷன். ‘டி’ என்பது நீக்குதலைச் சொல்லும் முன்னொட்டு. ஆக, அந்தத் துடிப்பை நீக்குவது டிஃபிபிரிலேட்டர்.

‘நின்றுபோன இதயத்தை ஓடவைக்கும் கருவி’ என்று இதற்குப் பலர் விளக்கம் எழுதுகிறார்கள். அது தவறு. அவினாசித் தேரின் வடத்தை எல்லாரும் ஒரே குரலுக்கு இழுத்தால் தேர் நகரும்; ஆளுக்கொரு திசையில் வெட்டி இழுத்தால் கை ஓயுமே தவிர, தேர் அசையாது. இதயத்தின் கீழறை உதறும்போது நடப்பது இதுதான். தசை வேலை செய்கிறது, ரத்தம் போவதில்லை. கருவி தரும் மின்சாரம் எல்லா நார்களையும் ஒரே கணத்தில் அடக்கிவிடுகிறது. பிறகு இதயத்தின் இயல்பான துடிப்புமுனை மறுபடி குரல் கொடுத்தால் துடிப்பு சீராகிறது. ஈசிஜியில் கோடு நேராகப் படுத்துவிட்ட இதயத்துக்கு ஷாக் கொடுப்பதில் பயனில்லை. அங்கே அடக்குவதற்கு உதறல் இல்லை.

தோட்டத்து மோட்டார் ரூமிலோ, சோமனூர்ப் பக்கத்துத் தறிக்குடோனிலோ கரண்ட் அடித்து விழுந்தவருக்கும் இந்த உதறல் வரலாம். “ஷாக்கில் விழுந்தவருக்கு இன்னொரு ஷாக்குங்களா?” என்று கேட்கத் தோன்றும். 1899இல் ஜெனீவாவில் பிரெவோ, பட்டெல்லி என்ற இரு உடலியல் ஆய்வாளர்கள் நாய்களிடம் கண்டது அதைத்தான்: சிறிய மின்சாரம் உதறலை உண்டாக்கியது, பெரியது அதை நிறுத்தியது. 1947இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் அறுவை மருத்துவர் கிளாட் பெக் 14 வயதுச் சிறுவனின் திறந்த நெஞ்சுக்குள் இதயத்திலேயே மின்சாரம் பாய்ச்சிக் காப்பாற்றினார். 1956இல் அமெரிக்க இதய மருத்துவர் பால் சோல் நெஞ்சைத் திறக்காமல் வெளியிலிருந்தே செய்துகாட்டினார். ஏஇடி (ஆட்டோமேட்டட் எக்ஸ்டர்னல் டிஃபிபிரிலேட்டர்) என்ற கருவியின் பெயரில் வரும் ‘எக்ஸ்டர்னல்’, அதாவது ‘புற’ என்ற அடைமொழிக்கு இதுவே பொருள். தோலுக்கடியில் பொருத்தும் வகையும் உண்டு. 1965இல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் இதய மருத்துவர் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் ஆம்புலன்ஸில் ஏற்றிய கருவி சுமார் 70 கிலோ எடை. கார் பேட்டரியில் ஓடியது. இன்றைய ஏஇடி பெட்டியை ஒரு கையில் தூக்கலாம்.

‘ஆட்டோமேட்டட்’ என்பது முடிவெடுக்கும் வேலையைக் குறிக்கிறது. நெஞ்சில் பேட்களை (மின்சாரம் பாய்ச்சும் ஒட்டுத் தகடுகளை) ஒட்டியதும் இதயத்தின் மின்னோட்டத்தைக் கருவியே படித்து, ஷாக் வேண்டுமா வேண்டாமா என்று குரலில் சொல்லும். பெரும்பாலான கருவிகளில் பட்டனை நாம்தான் அழுத்த வேண்டும். தேவையில்லாதவருக்கு அழுத்தினாலும் ஷாக் போகாது. பயப்படாமல் எடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘அதிர்ச்சிக் கருவி’ என்றால் அது கொடுப்பது மட்டும் தெரிகிறது, நீக்குவது தெரியவில்லை. ‘நடுக்கநீக்கி’ பரவாயில்லை. எனக்குச் சரியாகப் படுவது ‘உதறல்நீக்கி’. “கை காலெல்லாம் வெடவெடன்னு உதறுதுங்க” என்று நம் ஊரில் தினமும் பேசுகிற சொல் அது. உதறுவாதம் என்று நரம்பு நோய்க்குப் பெயர் இருப்பதால், குழப்பம் வராமல் ‘இதய உதறல்நீக்கி’ என்போம். ஏஇடிக்குத் ‘தானியங்கிப் புற இதய உதறல்நீக்கி’ என்பது முழுப்பெயர்; பேச்சில் ‘உதறல்நீக்கி’ போதும். பேட், ஷாக் இரண்டையும் அப்படியே விட்டுவிடலாம், எல்லாருக்கும் புரிகிறது.

மாரடைப்பு வேறு, இதய நிறுத்தம் வேறு. முன்னதில் இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுகிறது. ஆள் பெரும்பாலும் பேசிக்கொண்டிருப்பார். பின்னதில் நினைவும் இயல்பான மூச்சும் போய்விடும். உதறல்நீக்கி தேவைப்படுவது பின்னவருக்கு.

கரண்ட் அடித்தவர் என்றால் முதலில் மெயினை அணையுங்கள். 108ஐ அழையுங்கள். பெட்டி வரும்வரை நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டராவது இறங்கும்படி அழுத்துங்கள். தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவராக இருந்தால் ஈர நெஞ்சைத் துடைத்துவிட்டு, ஒரு பேடை வலது காறையெலும்புக்குக் கீழும் மற்றதை இடது அக்குளுக்குக் கீழே விலாவிலும் ஒட்டுங்கள். ஷாக் போகும்போது யாரும் அவரைத் தொடக்கூடாது. போனதும் உடனே மறுபடி அழுத்தத் தொடங்குங்கள்.