எண்ணெய் கேட்காத எஸ்கேப்மென்ட்

‘சில நூறு ரூபாய் குவார்ட்ஸ் வாட்ச் மாதத்துக்குச் சில நொடிதான் பிசகுகிறது. அப்படியிருக்க, பழைய பிரிட்டிஷ் கம்பெனிகளின் பெயரில் திரும்ப வரும் சாவி கொடுக்கும் வாட்சுகளைத் தேடி சேகரிப்பாளர்கள் ஏன் இப்படி அலைகிறார்கள்?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

பெயருக்காகவே வாங்குகிறவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சார்லஸ் ஃப்ராட்ஷாம் விஷயத்தில் என் பதில் வேறு. 1834-ல் லண்டனில் தொடங்கிய கடை அது. கப்பல்களில் தீர்க்கரேகை கணக்கிட உதவும் துல்லியக் கடிகாரங்களான குரோனோமீட்டர்களுக்குப் பேர்போனது. குவார்ட்ஸும் ரேடியோ நேரமும் வந்த பிறகு அந்தத் தொழிலே படுத்துவிட்டது. பழைய கடிகாரங்களைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த அதே நிறுவனம், 16 ஆண்டு உழைத்து 2018-ல் ஒரு கைக்கடிகாரத்தை வெளியிட்டது. அதற்குள் இருக்கும் ஒரு பொறியமைப்புதான் இந்தக் கட்டுரைக்கே காரணம்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாவி கொடுத்தால் மெயின் ஸ்பிரிங் இறுகும். அது விரியும் விசை பற்சக்கரங்கள் வழியாக எஸ்கேப் வீலுக்கு வரும். மறுமுனையில் பேலன்ஸ் வீல், ஹேர் ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருள் கம்பியின் பிடியில் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே எஸ்கேப்மென்ட். பேலன்ஸின் ஆட்டத்துக்கு ஏற்ப எஸ்கேப் வீலை ஒவ்வொரு பல்லாக நகரவிடுவது அதன் ஒரு வேலை. அப்படி நகரும்போதே பேலன்ஸை லேசாகத் தள்ளி, ஆட்டம் ஓயாமல் பார்த்துக்கொள்வது இன்னொரு வேலை.

சிக்கல் அந்தத் தள்ளலில் இருக்கிறது. இன்றைய வாட்சுகளில் பெரும்பாலும் இருப்பது லீவர் எஸ்கேப்மென்ட். 18-ம் நூற்றாண்டில் தாமஸ் மட்ஜ் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்தது. இதில் எஸ்கேப் வீலின் பல், லீவரில் பதித்த மாணிக்கக் கல்லின் சாய்வான முகத்தில் வழுக்கிக்கொண்டே தள்ளும். வழுக்கினால் உராய்வு, உராய்வு என்றால் எண்ணெய். நொடிக்கு 8 துடிப்பு உள்ள வாட்சில் இது ஒரு நாளைக்கு 6,91,200 முறை நடக்கிறது. எண்ணெய் நாளாக ஆகக் கெட்டியாகும், வைத்த இடத்தை விட்டு நகரும். பேலன்ஸுக்குப் போய்ச்சேரும் விசை குறையும், ஆட்டத்தின் வீச்சு சுருங்கும், நேரம் பிசகும். சர்வீஸுக்குக் கொடுத்த வாட்ச் சில வருடத்தில் மறுபடி கடைக்குப் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

குரோனோமீட்டர்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். ஜான் ஆர்னால்டும் தாமஸ் எர்ன்ஷாவும் செம்மைப்படுத்திய டிடென்ட் எஸ்கேப்மென்டில் நடுவே லீவர் வந்து தள்ளுவதில்லை. எஸ்கேப் வீலின் பல்லே பேலன்ஸை நேராகத் தள்ளும். இரண்டும் ஒரே திசையில் நகர்வதால் உரசல் மிகக் குறைவு. அந்த இடத்துக்கு எண்ணெய் வேண்டாம். ஆனால் தள்ளல் ஒரு பக்க ஆட்டத்துக்கு மட்டும்தான். பலமாக உதறினால் சக்கரத்தை நிறுத்திப் பிடிக்கும் பூட்டு விலகிப் பல் தாவிவிடும். கப்பலில் பெட்டிக்குள், வளையங்களில் எப்போதும் கிடைமட்டமாக நிற்கும் கடிகாரத்துக்கு அது சரி. கை வீசி நடக்கிறவரின் மணிக்கட்டில் எடுபடாது.

ஊஞ்சலை ஒருவர் பின்னால் நின்று தள்ளுவதற்கும், முன்னும் பின்னுமாக இருவர் மாறி மாறித் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசத்தை யோசித்துப் பாருங்கள். அப்படி இருபக்கமும் தள்ள, பிரெகே என்ற பழைய கடிகாரக் கலைஞர் இரண்டு எஸ்கேப் வீல்களை ஒன்றோடொன்று பற்களால் கோத்தார். ஒன்று வலப்பக்க ஆட்டத்தைத் தள்ளும், மற்றது இடப்பக்க ஆட்டத்தை. அருமையான யோசனை. ஆனால் கோத்த பற்களுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி இருந்தே தீரும். அந்த இடைவெளியால் வந்த நடுக்கம் நேராகப் பேலன்ஸுக்குப் போனது.

இங்கேதான் ஜார்ஜ் டேனியல்ஸ் என்ற ஆங்கிலேயக் கடிகாரக் கலைஞர் வருகிறார். பிற்பாடு 1999-ல் ஒமேகா வாட்ச் கம்பெனி எடுத்துக்கொண்ட கோ-ஆக்சியல் எஸ்கேப்மென்டும் இவருடையதுதான். இரண்டு சக்கரங்களையும் கோக்கவே வேண்டாம் என்று முடிவு செய்தார். ஒவ்வொன்றுக்கும் தனி மெயின் ஸ்பிரிங், தனிப் பற்சக்கர வரிசை. இரண்டும் சந்திக்கிற ஒரே இடம் பேலன்ஸ். நடுவில் ஒரு சின்னப் பூட்டு இருக்கும். பேலன்ஸ் வலமாக வரும்போது அது ஒரு சக்கரத்தை விடும், பல் வந்து நேராகத் தள்ளும், உடனே பூட்டிக்கொள்ளும். இடமாக வரும்போது அடுத்த சக்கரத்தின் முறை. தள்ளலும் பேலன்ஸ் நடுப்புள்ளியைக் கடக்கும் நேரத்தை ஒட்டியே வருகிறது. ஆடும் பொருளை அந்தப் புள்ளியில் தள்ளினால் ஆட்டத்தின் கால அளவு கெடாது என்பது இயற்பியல்.

1982-ல் முடித்த ‘ஸ்பேஸ் டிராவலர்’ பாக்கெட் வாட்சில், எப்படியும் இரண்டு வரிசை இருக்கிறதே என்று ஒன்றைச் சூரிய நேரத்துக்கும் மற்றதை நட்சத்திர நேரத்துக்கும் வைத்தார் டேனியல்ஸ். நட்சத்திரங்களை வைத்துப் பூமியின் ஒரு சுற்றை அளந்தால் வரும் நட்சத்திர நாள் 23 மணி 56 நிமிடம் 4 நொடி. பற்களின் எண்ணிக்கையில் சிறு மாற்றம், அவ்வளவுதான்! இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த அமைப்பைக் கைக்கடிகார அளவுக்குச் சுருக்கியதுதான் ஃப்ராட்ஷாமின் சாதனை. சக்கர அச்சுகளுக்கு எண்ணெய் இன்னும் வேண்டும். ஆனால் பேலன்ஸைத் தள்ளும் அந்த இடத்துக்கு வேண்டாம். எண்ணெய் இல்லாமல் பேலன்ஸைத் தள்ளுவது எப்படி? சேகரிப்பாளர் வாங்குவது, ஆர்னால்டு காலத்து இந்தக் கேள்விக்கு மணிக்கட்டில் கட்டிக்கொள்ளக்கூடிய பதிலை. நானும் பணம் இருந்தால் அதற்காகத்தான் வாங்குவேன்.

 

பதினாறு ஆண்டு ஒரே எஸ்கேப்மென்டோடு உட்கார யார் விடுவார்கள்? மூன்று வருடத் திட்டம், வருடாவருடம் அறிக்கை என்று நிதி கொடுக்கும் முறையில் இது பாதியிலேயே நின்றிருக்கும். பொறுமைக்கு இன்னொரு உதாரணமும் இந்தப் பட்டறையிலேயே உண்டு. நூறு நாளில் ஒரு நொடிக்குள் பிசகும் ஊசல் கடிகாரம் செய்ய முடியும் என்று ஆங்கிலேயக் கடிகாரக் கலைஞர் ஜான் ஹாரிசன் 1775-ல் எழுதியபோது எள்ளி நகையாடினார்கள். அவர் வழியில் மார்ட்டின் பர்கஸ் என்ற கடிகாரக் கலைஞர் தொடங்கிய ‘கிளாக் பி’யை முடித்துக் கொடுத்ததும் இதே ஃப்ராட்ஷாம் பட்டறைதான். கிரீனிச் வானாய்வகத்தில் நூறு நாள் ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஒரு நொடிகூடப் பிசகவில்லை. 2015-ல் கின்னஸ் சாதனையாகவும் அது பதிவாகிவிட்டது.