ஒரே மூன்று கிகாஹேர்ட்ஸ், இரண்டு வேகம்

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ பாவித்த கம்பியூட்டர் விற்கும் கடைக்குள் நுழைந்தால், ஏதோவோர் அலுவலகத்தில் வருடக்கணக்காக உழைத்துவிட்டு வந்த கறுப்புப் பெட்டிகள் அடுக்கிக் கிடக்கும். டெல் ஆப்டிபிளெக்ஸ் 780 ஒரு பக்கம், அதற்கு அடுத்த தலைமுறையான 790 மறுபக்கம். முதலாவதைத் திறந்தால் இன்டெல் கோர் 2 டுவோ இ8400 புரொசெஸர் இருக்கலாம், இரண்டாவதில் கோர் ஐ3-2100. உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கு ஒன்று வாங்க வந்தவர் வித்தியாசம் என்னவென்று கேட்டால், “ரெண்டுலயும் ரெண்டு கோர்தான், ரெண்டும் மூணு கிகாஹேர்ட்ஸ்தான் அண்ணன்” என்று பதில் வரும். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் வாங்குபவருக்கு அதனால் உதவியும் இல்லை.

காகிதத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போலத்தான் தெரியும். இ8400 வந்தது 2008 ஜனவரியில்: இரண்டு கோர் (புரொசெஸருக்குள் வேலையைச் செய்யும் பகுதி), 3.0 கிகாஹேர்ட்ஸ், 65 வாட், 6 மெகாபைட் கேஷ் (புரொசெஸருக்குள்ளேயே இருக்கும் சிறிய விரைவு நினைவகம்). ஐ3-2100 வந்தது 2011 தொடக்கத்தில்: இரண்டு கோர், 3.1 கிகாஹேர்ட்ஸ், அதே 65 வாட், கேஷ் மட்டும் பாதியாகி 3 மெகாபைட். எண்களை மட்டும் பார்ப்பவர் பழையதைத்தான் எடுப்பார். அறிமுக விலையும் அவர் பக்கமே பேசும்: இ8400க்கு 183 டொலர், ஐ3-2100க்கு 117 டொலர். அப்படியிருந்தும் ஓட்டிப் பார்த்தால் ஐ3 முந்துகிறது. அதுவும் மயிரிழையில் முந்துவதில்லை.

கிகாஹேர்ட்ஸ் சொல்வது ஒன்றே ஒன்றைத்தான்: ஒரு செக்கனில் புரொசெஸருக்குள் எத்தனை துடிப்பு. மூன்று கிகாஹேர்ட்ஸ் என்றால் செக்கனுக்கு 300 கோடித் துடிப்பு, ஒரு துடிப்புக்கு நனோ செக்கனில் மூன்றிலொரு பங்கு நேரம். அந்தத் துடிப்புக்குள் எவ்வளவு வேலை முடிந்தது என்பது இந்த எண்ணில் இல்லை. இன்டெல்லே இந்தப் பாடத்தை விலை கொடுத்துத்தான் படித்தது. 2004இல் பென்டியம் 4ஐ 3.8 கிகாஹேர்ட்ஸ் வரை ஏற்றிப் பார்த்தது. 2006இல் வந்த கோர் 2, அதைவிடக் குறைந்த துடிப்பிலேயே அதைத் தோற்கடித்தது.

வேலை எங்கே தேங்குகிறது? பெரும்பாலும் காத்திருப்பில். புரொசெஸருக்கு வேண்டிய தரவு கேஷில் இல்லாவிட்டால் ரேம் என்ற பிரதான நினைவகத்திடம் போக வேண்டும். ரேமிலிருந்து பதில் வர அறுபது எழுபது நனோ செக்கன் பிடிக்கும். நமக்கு அது ஒன்றுமேயில்லை. மூன்று கிகாஹேர்ட்ஸ் புரொசெஸருக்கோ ஏறத்தாழ இருநூறு துடிப்பு. அவ்வளவு நேரமும் அந்தக் கோர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க நேரலாம்.

இ8400இல் இந்தப் பயணம் சுற்றுப்பாதை. ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி புரொசெஸருக்குள் இல்லை. மதர்போர்டில் நோர்த் பிரிட்ஜ் என்ற தனிச் சில்லில் இருக்கிறது. புரொசெஸருக்கும் அந்தச் சில்லுக்கும் நடுவே இருப்பது ஃப்ரன்ட் சைட் பஸ் என்ற ஒரேயொரு பாதை. இரண்டு கோரும் அதையே பாவிக்க வேண்டும், போவதும் வருவதும் அதிலேயே. மட்டக்களப்பின் பழைய கல்லடிப் பாலத்தில் காத்து நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1924இல் திறந்த அந்தப் பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு திசைக்குத்தான் வழி. கீழே எவ்வளவு வேகமான மோட்டார் சைக்கிள் இருந்தாலும் எதிர்ப்பக்க பஸ் வந்து முடியும்வரை நிற்க வேண்டியதுதான். 2013இல் பக்கத்திலேயே அகலமான புதிய பாலம் திறந்தபின் அதே மோட்டார் சைக்கிள் அதே வேகத்தில் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இ8400இன் ஒற்றைப் பாதையில் செக்கனுக்கு அதிகபட்சம் 10.6 கிகாபைட் போகலாம். 780இன் இரட்டைச் சனல் ரேம் (இரண்டு வழியில் ஒரே நேரத்தில் தரவு தருவது) அதற்கு மேல் தரக்கூடியது, ஆனால் பாலத்தைத் தாண்டி வருவது அவ்வளவுதான்.

ஐ3-2100இல் ரேம் கட்டுப்பாட்டுப் பகுதி புரொசெஸர் சில்லுக்குள்ளேயே வந்துவிட்டது. டிடிஆர்3-1333 ரேம் இரண்டு சனலில் நேரடியாக இணைகிறது. மொத்தம் செக்கனுக்கு 21 கிகாபைட், ஏறத்தாழ இரட்டிப்பு. இதைக் கடைக்காரர் யாரும் சொல்வதில்லை, ஸ்டிக்கரிலும் இல்லை. (ஒரே ரேம் துண்டைப் போட்டு விற்றால் இந்த அனுகூலத்தில் பாதி போய்விடும். 8 கிகாபைட் வேண்டுமானால் 4 கிகாபைட் துண்டு இரண்டாகக் கேளுங்கள்.)

கேஷ் பாதியான மர்மமும் இதோடு அவிழ்கிறது. இ8400இன் 6 மெகாபைட், ரேம் தூரத்தில் இருந்ததற்கான ஈடு. அங்கே போவது அவ்வளவு சிரமம் என்பதால் இயன்றதை எல்லாம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். ஐ3இல் ஒவ்வொரு கோருக்கும் 256 கிலோபைட் விரைவுக் கேஷ் தனியாக உண்டு, அதன் பின்னால் பொதுவான 3 மெகாபைட். கேஷ் பெரிதென்று ஒரு புரொசெஸரை உயர்வாக எண்ணுவது, ஒரே குடும்பத்துப் புரொசெஸர்களை ஒப்பிடும்போது மட்டும் சரி.

இன்னும் இரண்டு மாற்றங்கள் உண்டு. நமது மென்பொருளின் கட்டளைகளைப் புரொசெஸர் அப்படியே செய்வதில்லை. சிறுசிறு உட்கட்டளைகளாக உடைத்த பிறகே செய்கிறது. ஒரே வேலை ஆயிரம் தரம் சுற்றி வந்தால் இ8400 ஏறக்குறைய ஒவ்வொரு தரமும் உடைத்துக்கொண்டிருக்கும். ஐ3, உடைத்தவற்றில் சுமார் 1,500ஐப் பக்கத்தில் சேர்த்து வைத்து மீண்டும் எடுக்கிறது. நேரமும் மிச்சம், மின்சாரமும் மிச்சம். மற்றது ஹைப்பர் த்ரெடிங். ஒரு வேலை ரேமுக்காகக் காத்திருக்கும் அந்த இருநூறு துடிப்பில் அதே கோர் இன்னொரு வேலையைச் செய்யும். வின்டோஸுக்கு நான்கு கோர் இருப்பதுபோலத் தெரியும். நான்கு உண்மையான கோருக்கு இது ஈடாகாது; நன்றாக ஒத்துப்போகும் வேலைகளில் கால்பங்கு அளவுக்குக் கூடுதலாகக் கிடைத்தால் சந்தோஷப்படலாம்.

எல்லாம் சேர்த்து, ஒரு நேரத்தில் ஒரே வேலை என்றால் ஐ3 கால்பங்கிலிருந்து மூன்றிலொரு பங்கு வரை வேகம், சிலவற்றில் அதற்கும் மேல். பல வேலை ஒன்றாக ஓடினால் ஒன்றரை மடங்கு, சில நேரம் அதையும் தாண்டும். ஆனால் இது எல்லாருக்கும் உறைக்காது. கொமியூனிகேஷன் கடையில் பாமினி எழுத்தில் கடிதம் அடித்து பிரின்ட் எடுப்பவருக்கு இரண்டும் ஒன்றே. விரலைவிட இ8400 வேகம்தான். சூம் வகுப்பு ஒரு பக்கம், பிரவுஸரில் பத்து டேப் மறுபக்கம், நடுவே யூடியூப் என்று திறக்கும் மாணவிக்கு முதல் நாளே தெரிந்துவிடும். யூடியூப் அதிகம் அனுப்பும் விபி9 வகை வீடியோவைப் பிரிக்கும் தனி வன்பொருள் இரண்டிலுமே இல்லை. முழுச் சுமையும் கோர்களின் தலையில்தான்.

வாட் எண்ணும் இப்படித்தான் ஏமாற்றும். 65 என்பது குளிரூட்டி எவ்வளவு வெப்பத்தைத் தாங்க வேண்டும் என்ற கணக்கு. மின்மானி ஓடும் கணக்கு வேறு. சும்மா நிற்கும் கோருக்குப் போகும் மின்சாரத்தையே துண்டிக்கும் வித்தை கோர் 2க்குப் பிறகுதான் வந்தது, ஐ3இல் இருக்கிறது. கம்பியூட்டரோ பெரும்பாலான நேரம் சும்மாதான் நிற்கும். முழுப் பெட்டியும் 20 வாட் குறைவாக எடுத்தால், நாளுக்கு எட்டு மணித்தியாலம் வைத்து மாதம் 4.8 அலகு மிச்சம். அலகுப் படி ஏற ஏற கட்டணமும் ஏறும் நமது பில்லில், படியின் விளிம்பில் நிற்கும் வீட்டுக்கு அது சின்ன விஷயமில்லை. கரண்ட் நின்றால் யூபிஎஸ் தாங்கும் நேரமும் கூடும்.

ஆகவே புதிதாக வாங்குபவருக்கு என் தீர்ப்பு ஐ3 பக்கம், விலை சில ஆயிரம் கூடினாலும். அந்த 790இல் பின்னொரு நாளில் நான்கு கோர் ஐ5-2400ஐ மாட்டலாம் என்பதே பாதி விலைக்குச் சமம். வின்டோஸ் 11 பற்றி யாராவது வாக்குறுதி தந்தால் நம்பிவிடாதீர்கள். மைக்ரோசொஃப்டின் பட்டியலில் இரண்டும் இல்லை. எஸ்எஸ்இ4.2 என்ற கட்டளைத் தொகுதி இல்லாததால், அதன் 24எச்2 பதிப்பு இ8400இல் தொடங்கவே மாட்டாது. வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபரில் முடிந்தது. இரண்டுக்கும் இலகுவான லினக்ஸ் ஒன்று பொருத்தம்.

ஏற்கெனவே வீட்டில் இ8400 ஓடிக்கொண்டிருந்தால் கணக்கு வேறு. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி போட்டால், புரொசெஸர் மாற்றுவதைவிடப் பெரிய மாற்றம் கண்ணுக்குத் தெரியும், ஏனென்றால் ஹார்ட் டிஸ்க்கின் காத்திருப்பு நனோ செக்கனில் அல்ல, மில்லி செக்கனில். அதோடு, ஹீட் சிங்க்கைக் கழற்றிப் பாருங்கள். இத்தனை வருடத்தில் வெப்பப் பசை காய்ந்து பொருக்காகியிருக்கும், விசிறிக்கடியில் தூசு படுக்கை போட்டிருக்கும். சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, அந்த இரண்டையும் சுத்தம் செய்யாமல் எந்தப் புரொசெஸரின் வேகத்தையும் அளந்து பயனில்லை.