உங்கள் ஃபைலைப் படிப்பவர் உங்களைப் பார்க்கப்போவதில்லை

ஐம்பதை நெருங்கும் ஒரு கேப்டன் என் எதிரில் உட்கார்ந்து ஒற்றைத் தாளை மேசைமேல் நகர்த்தி வைத்தார். சிறுநீரகக் கல்லுக்குச் சிகிச்சை எடுத்த இடத்தில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி. கடைசி வரியை மட்டும் மருத்துவர் கைப்பட எழுதியிருந்தார்: ‘கல் அகற்றப்பட்டது. விமானம் ஓட்டத் தகுதியானவர்.’ கீழே கையெழுத்து, முத்திரை.

“இதுக்கு மேல என்ன வேணும் டாக்டர்? ஸ்பெஷலிஸ்டே எழுதிக் கொடுத்துட்டாரே” என்றார்.

அதற்கு மேல் என்னென்ன வேண்டியிருந்தது என்று முழுசாகத் தெரிவதற்குள் ஐந்து மாதம் ஓடிவிட்டது. அவருக்கு வலி இருந்ததென்னவோ மூன்றே நாள்.

விமானிகளுக்கு மருத்துவப் பரிசோதனை செய்வது என் தொழில். நோயால் நின்றுபோன சான்றிதழ்களை விட, காகிதத்தால் நின்றுபோனவற்றைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதிலும் பாதிக்கு மேல் தவிர்த்திருக்கக் கூடியவை. கோபம் முழுவதும், ஃபைலைப் பார்த்துச் சான்றிதழை முடிவு செய்யும் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் மேல் போகும். சில சமயம் அது நியாயம்தான். ஆனால் ஃபைல் எப்படிப் படிக்கப்படுகிறது என்று தெரிந்தால், தாமதத்தில் ஒரு பெரிய பங்கு நம் கையிலேயே இருப்பது புரியும்.

சிகிச்சை தரும் மருத்துவர் தனக்குள் கேட்டுக்கொள்வது, ‘இவருக்குக் குணமாகிவிட்டதா?’ என்று. ஆணையத்தில் உட்கார்ந்து உங்கள் தாள்களைப் புரட்டும் மருத்துவர் கேட்பது வேறு: ‘அடுத்த ஒரு வருடத்துக்குள், விமானத்தை ஓட்டிக்கொண்டிருக்கும்போது, இவர் திடீரென்று செயலிழக்க எவ்வளவு வாய்ப்பு?’ இரண்டு விமானிகள் சேர்ந்து ஓட்டும் விமானங்களுக்கு அந்த வாய்ப்பு வருடத்துக்கு 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற அளவுகோலைப் பல நாட்டு ஆணையங்கள் ஒரு வழிகாட்டியாக வைத்திருக்கின்றன. ‘தகுதியானவர்’ என்ற ஒற்றைச் சொல்லில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. உண்மையில் அந்தச் சொல்லை எழுதும் அதிகாரமும் சிகிச்சை மருத்துவருக்குக் கிடையாது.

கேப்டனின் கதைக்கு வருகிறேன். முதல் கடிதத்தில் ஆணையம் கேட்டது இவ்வளவுதான்: சிகிச்சைக்குப் பிறகு ஸ்கேன் எடுக்கப்பட்டதா, வேறு கல் மிச்சம் இருக்கிறதா, இது முதல் தடவையா, கல் உண்டான காரணத்தைத் தேடிப் பார்த்தார்களா, இப்போது என்ன மருந்து. சிறுநீரகக் கல் வலி வந்தவர்களுக்குத் தெரியும், அந்த வலியில் மனிதர் நிமிர்ந்து உட்காரவே முடியாது. முப்பத்தைந்தாயிரம் அடியில் அது வரக் கூடாது என்பதுதான் இத்தனை கேள்விக்கும் அடிப்படை. அவருக்கு ஸ்கேன் எடுத்திருந்தார்கள். படம் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் கையில் கொடுத்தது ஒரு சிடி மட்டும். அதை அப்படியே உறையில் போட்டு அனுப்பிவிட்டார். மற்ற நான்கு கேள்விகளுக்குப் பதிலே இல்லை.

அடுத்த கடிதம் வர ஆறு வாரம். ‘கதிரியக்க நிபுணரின் எழுத்துப்பூர்வ ரிப்போர்ட் தேவை. முன்பு கேட்ட மற்ற விவரங்கள் வரவில்லை.’ அந்த ரிப்போர்ட்டை வாங்கி அனுப்பினார். யூரிக் அமிலம், கால்சியம் பார்த்த ரத்தப் பரிசோதனை முடிவு வீட்டிலேயே இருந்தது, அனுப்பத் தோன்றவில்லை. மூன்றாவது கடிதம். இப்படி அரைகுறைப் பதில் போகும்போதெல்லாம் ஃபைல் வரிசையின் கடைசிக்குப் போய் நிற்கும். அடுத்த முறை அதைத் திறப்பவர் வேறு ஆளாகவும் இருப்பார். முதல் பக்கத்திலிருந்து படிப்பார்.

கேட்ட ஐந்தில் நான்கு தயார் என்றால், ஐந்தாவது வரும்வரை காத்திருங்கள். எல்லாவற்றையும் ஒரே கட்டாக, ஒரே நாளில் அனுப்புங்கள். கடிதத்தில் கெடு போட்டிருந்து நேரம் போதாவிட்டால், கெடு முடிவதற்கு முன்பே அவகாசம் கேட்டு எழுதுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் உங்கள் குறிப்பு எண் இருக்கட்டும். லைசென்சில் இருக்கும் பெயர் ஒரு மாதிரி, மருத்துவமனை ரிப்போர்ட்டில் இருக்கும் பெயர் இன்னொரு மாதிரி இருந்தால் அதையும் சரிசெய்துவிட்டு அனுப்புங்கள். இரண்டு பெயரில் வரும் தாள்களை ஒரே ஆளுடையவை என்று நம்புவது அவர்கள் வேலை இல்லை.

தாளுக்கும் வயது உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. அமெரிக்காவில் கட்டுக்குள் இருக்கும் சில நோய்களுக்கு, மேலிடத்துக்கு அனுப்பாமல் பரிசோதகரே சான்றிதழ் கொடுத்துவிடலாம் என்று 2013இலிருந்து ஒரு வழி இருக்கிறது. அதற்குச் சிகிச்சை மருத்துவரின் அறிக்கை பரிசோதனை நாளுக்கு முந்தைய 90 நாட்களுக்குள் எழுதப்பட்டிருக்க வேண்டும். தொண்ணூற்றைந்தாவது நாள் வந்தால், நோயில் மாற்றமே இல்லாவிட்டாலும் அந்த அறிக்கை எடுபடாது. அதற்கு நேர்மாறாக, சிகிச்சை முடிந்த சூட்டோடு எடுத்த டெஸ்டும் செல்லாமல் போகும். சில நோய்களுக்கு இத்தனை மாதம் கழித்துத்தான் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. ஆக, டெஸ்டுக்குத் தேதி வாங்கும் முன் விதியைப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் எப்போது வருவது என்ற விஷயம். சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் விதிப்படி வணிக விமானிகளுக்குச் சான்றிதழ் 12 மாதம், அறுபது வயதைத் தாண்டினால் 6 மாதம். நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். ஐரோப்பிய விதியில், காலாவதித் தேதிக்கு 45 நாட்களுக்குள் முன்கூட்டியே பரிசோதனை செய்துகொண்டாலும் அடுத்த சான்றிதழ் பழைய தேதியிலிருந்தே கணக்காகும். ஒரு நாள்கூட நஷ்டமில்லை. அப்படியிருந்தும் கடைசி வாரத்தில் வந்து நிற்பவர்கள்தான் அதிகம். ஈசிஜியில் சின்னதாக ஒரு மாற்றம் தெரிந்தால் போதும், இதயநோய் நிபுணரைப் பார்க்கத் தேதி கிடைப்பதற்குள் சான்றிதழ் முடிந்துவிடும். ரோஸ்டரிலிருந்து, அதாவது பணிப் பட்டியலிலிருந்து, பெயர் போய்விடும்.

புதிதாக ஒரு நோய் கண்டுபிடித்திருந்தால், பரிசோதனைக்கு முன் ஆலோசனைக்கு மட்டும் வாருங்கள். இரண்டும் வேறு வேறு. அமெரிக்க முறையில் பரிசோதனை தொடங்கிவிட்டால் எனக்கு மூன்று வழிகள்தான்: கொடுக்கலாம், மறுக்கலாம், மேலே அனுப்பலாம். ‘அடுத்த மாசம் ரிப்போர்ட்டோட வரேன் டாக்டர், இதை அப்படியே வையுங்க’ என்றால் வைக்க முடியாது, 14 நாட்களுக்குள் அது என் கையை விட்டுப் போயாக வேண்டும். பரிசோதனைக்கு முன்பே பேசியிருந்தால், எந்தத் தாள் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தே அனுப்பியிருப்பேன்.

விண்ணப்பப் படிவத்தை எங்கே நிரப்புகிறார்கள் என்று கேட்டால் சிரிப்பு வரும். விமானம் இறங்கிய இரவு, ஹோட்டல் அறையில், போனில், பாதித் தூக்கத்தில். கேள்வி ‘வாழ்நாளில் எப்போதாவது’ என்று தொடங்கும். இவர் ‘இப்போது’ என்று படித்து ‘இல்லை’ போட்டுவிடுவார். போன முறை ‘ஆம்’ என்று சொன்ன அறுவைச் சிகிச்சைக்கு இந்த முறை ‘இல்லை’ வந்தால், கணினி அதைக் காட்டிக்கொடுக்கும். பொய் சொல்லும் எண்ணமே இல்லாத மனிதர் விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பார். முன்பு சொன்னதையே ‘முன்பு தெரிவித்தது, மாற்றமில்லை’ என்று ஒரு வரியில் எழுத அமெரிக்கப் படிவத்தில் இடமிருக்கிறது. அதே படிவம் கடந்த மூன்று வருடத்தில் பார்த்த மருத்துவர்களையும் கேட்கிறது. ஒவ்வொரு முறை நிரப்பியதையும் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஞாபகத்தை நம்பி இதில் இறங்கக் கூடாது.

தூக்கத்தில் மூச்சுத் தடைக்கு இயந்திரம் மாட்டிக்கொள்ளும் ஒரு விமானியின் ஃபைலும் நினைவுக்கு வருகிறது. தூங்கும் வேளைகளில் 75 சதவீதமாவது இயந்திரத்தைப் பயன்படுத்தியிருக்க வேண்டும், சராசரியாக ஆறு மணி நேரம் என்பது அமெரிக்க அளவு. இவர் ஒழுங்காக மாட்டிக்கொள்பவர். ஆனால் அறிக்கையில் பாதி ராத்திரி வெறுமையாக இருந்தது. பயணத்துக்கென்று ஒரு சின்ன இயந்திரம் தனியாக வைத்திருந்தார், அதன் பதிவை எடுக்கவே இல்லை! இரண்டு அறிக்கையையும் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தபோது ஒன்றின் ஓட்டையை மற்றது அச்சாக நிரப்பியது. அந்த ஒரு தாளுக்காக ஏழு வாரம் போயிருந்தது.

மனநலம் சம்பந்தப்பட்ட ஃபைல்கள்தான் இருப்பதிலேயே கடினமானவை, இதில் நான் ஆணையங்களுக்காக முழுதாக வாதாட மாட்டேன். 2015 மார்ச் 24 அன்று ஜெர்மன்விங்ஸ் விமானத்தைத் துணை விமானியே மலையில் மோதவிட்டு 150 பேர் இறந்த பிறகு, கேள்விகள் கூர்மையாகின. விமானிகளின் பயமும் கூடவே வளர்ந்தது. என்னிடம் வந்த ஓர் இளம் ஃபர்ஸ்ட் ஆஃபீசர் (துணை விமானி) கல்லூரி நாட்களில், வீட்டில் ஒரு மரணத்துக்குப் பிறகு, தூக்கம் வராமல் பொது மருத்துவரைப் பார்த்திருக்கிறார். மூன்று மாதம் மாத்திரை. பதிவேட்டில் அந்த மருத்துவர் போட்டிருந்த சொல் ‘மனச்சோர்வு நோய்’. வேறு எந்த விவரமும் இல்லை. அந்த ஒரு சொல்லைச் சுற்றி ஃபைல் மாதக்கணக்கில் சுழன்றது. பதிவை அழிக்கச் சொல்லிக் கேட்கலாமா என்று அவர் கேட்டார். கூடவே கூடாது. அன்று என்ன நடந்தது, என்ன மருந்து, எப்போது நிறுத்தப்பட்டது, அதற்குப் பிறகு எப்படி இருக்கிறார் என்று அதே மருத்துவரிடம் விளக்கக் கடிதமும், விமானிகளைப் பார்த்துப் பழக்கமுள்ள மனநல மருத்துவரின் மதிப்பீடும் வாங்கச் சொன்னேன். இரண்டும் சேர்ந்து போன பிறகுதான் ஃபைல் நகர்ந்தது.

சொல்லாமல் மறைப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது 2023இல் அமெரிக்காவில் நடந்தது. முன்னாள் ராணுவத்தினருக்கான உடற்குறை உதவித்தொகைப் பதிவுகளையும் விமானிகளின் மருத்துவ விண்ணப்பங்களையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் சுமார் 4,800 விமானிகள் விசாரணைக்குள் வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தொடர்ந்து பறக்க அனுமதிக்கப்பட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் பதிவேடுகள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்துவிட்டன. மனச்சோர்வுக்கான நான்கு மருந்துகளை நிபந்தனையோடு அமெரிக்கா அனுமதித்தது 2010இலேயே. நோயோடு பறக்க வழி இருக்கலாம், பொய்யோடு பறக்க வழி கிடையாது.

சிகிச்சை மருத்துவரிடம் என்ன கேட்பது? ‘ஃபிட் சர்டிஃபிகேட் கொடுங்க’ என்று கேட்காதீர்கள். ஆணையத்தின் கடிதத்தையே நகலெடுத்து அவர் கையில் கொடுங்கள். எப்போது கண்டுபிடிக்கப்பட்டது, என்ன செய்தார்கள், மருந்தும் அளவும், பக்கவிளைவு உண்டா, இன்றைய நிலை, திரும்ப வர எவ்வளவு வாய்ப்பு. ஒன்றரைப் பக்கம் போதும், டெஸ்ட் முடிவுகளின் நகல் பின்னால் இருக்க வேண்டும். அவர் அவசரத்தில் இருப்பார், அவர் மேல் தப்பில்லை. காக்பிட்டை அவர் பார்த்திருக்கவே மாட்டார். வாங்கிய கடிதத்தை வெளியே வருமுன் அங்கேயே படித்துவிடுங்கள். வலது சிறுநீரகத்தை இடது என்று எழுதிய ஒரு கடிதம் என் அலமாரியில் இன்னும் இருக்கிறது.

லைசென்ஸ் இழப்புக்குக் காப்பீடு எடுத்திருந்தால் பறக்க முடியாமல் கிரவுண்ட் ஆன அன்றே நிறுவனத்துக்குத் தெரியப்படுத்துங்கள். காத்திருப்புக் காலம் என்று ஒன்று வைத்திருப்பார்கள், அதைத் தாமதமாகத் தொடங்கவிடுவதில் லாபமில்லை.

கேப்டனுக்குக் கடைசியில் சான்றிதழ் வந்தது. வந்த அன்றே பறக்க முடிந்ததா? இல்லை. விமானி கடந்த 90 நாட்களுக்குள் மூன்று டேக்ஆஃப், மூன்று லேண்டிங் செய்திருக்க வேண்டும் என்ற கெடு எப்போதோ முடிந்திருந்தது. அதை ஈடுகட்ட சிமுலேட்டரில் இடம் கிடைக்க இன்னும் இரண்டு வாரம்.

அடுத்த வருடப் பரிசோதனைக்கு, காலாவதிக்கு நாற்பது நாள் முன்பே வந்துவிட்டார். கையில் தடிமனான ஒரு ஃபைல். முதல் பக்கத்தில் தேதி, மருத்துவர், காரணம், மருந்து என்று கட்டம் போட்டு எழுதியிருந்தார். கடைசி வரி: ‘இருமல், நான்கு நாள்.’ மருந்துக்கடை பில்லையும் ஸ்டேப்ளர் போட்டு இணைத்திருந்தார்.

“இதையெல்லாம் கேட்க மாட்டாங்க கேப்டன்.”

“இருக்கட்டும் டாக்டர்” என்றபடி சட்டைக் கையை மடித்து, ரத்த அழுத்தம் பார்க்கக் கையை நீட்டினார்.