இல்லாத ஊருக்கு எழுதிய கல்வெட்டு

கல்வெட்டின் மேல் தாளை ஒற்றி மையிட்டு எடுத்த மைப்படிகள், ஓலைச் சுவடிகள், கறையான் தின்ற கணக்கேடுகள் ஆகியவற்றைப் படித்து, எது எந்தக் காலத்தது, யார் யாருக்கு எழுதியது என்று பட்டியலிடுவதே புதுச்சேரியில் 22 ஆண்டுகளாக நான் செய்துவரும் வேலை. பகடை உருட்டி ஆடும் விளையாட்டு ஒன்றுக்கு இந்தப் படிப்பு பயன்பட்டது என் தங்கை மகனால். அது எப்படிப் பயன்பட்டது, பின்னர் எப்படி வினையாயிற்று என்பதை, கற்பனை உலகங்களை உருவாக்கி விளையாடும் இளைஞர்கள் அறிந்துகொள்வது நல்லது என்று தோன்றுவதால் எழுதுகிறேன்.

அவனும் நண்பர்கள் நால்வரும் ஞாயிறு மாலைகளில் லாஸ்பேட்டை வீட்டு மாடியறையில் கூடி விளையாடுகிறார்கள். 1974-இல் அமெரிக்காவில் வெளியான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' தொடங்கிவைத்த வகையைச் சேர்ந்த விளையாட்டு அது. 'டிஎம்' எனப்படும் நடத்துநர் ஓர் உலகத்தை விவரிக்க, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தாம் என்ன செய்கிறோம் என்பதை வாயால் சொல்கிறார்கள். சொன்னது பலித்ததா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்கிறது. ஒரே கதை மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் நீள்வதால், அவ்வுலகுக்கு ஒரு பழங்காலம் தேவைப்படுகிறது. நடத்துநராகிய என் தங்கை மகன் அந்தப் பழங்காலத்தை 43 பக்கங்களில் தட்டச்சு செய்து எடுத்து வந்து, "பெரியம்மா, இதுல தப்பு இருந்தா சொல்லுங்க" என்று நீட்டினான்.

மூவாயிரம் ஆண்டு வரலாறு அதில் இருந்தது. எந்த ஆண்டில் எந்த அரசன் பட்டமேறினான், எந்தப் போரில் யார் வென்றார், எந்த வம்சம் ஏன் அழிந்தது என்பதெல்லாம் ஐயத்துக்கு இடமின்றி, பள்ளிப் பாடநூலைப் போல வரிசையாக எழுதப்பட்டிருந்தன. தப்பு ஒன்றும் இல்லை. தப்பு இல்லாததே குறை. ஏழாம் பக்கத்தில் இருந்த ஒரு பெரும்போரைக் காட்டி, "உன் ஆட்டக்காரர்கள் போய் நிற்கும் ஊரில் இந்தச் சண்டை யாருக்குத் தெரியும்? நடந்து நானூறு ஆண்டு ஆகிவிட்டதே, எதைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்?" என்று கேட்டேன். அவனிடம் பதில் இல்லை. நாம் உண்மையில் ஒருபோதும் வரலாற்றைக் காண்பதில்லை, அது விட்டுச்சென்ற சான்றுகளை மட்டுமே காண்கிறோம் என்பதையும், கற்பனை உலகுக்கும் வரலாற்றை எழுதுவதைவிடச் சான்றுகளை எழுதுவதே முறை என்பதையும் அன்று மாலை அவனுக்கு விளக்கினேன்.

சான்று என்றவுடன் போரும் முடிசூட்டும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் நம் கோயில் சுவர்களில் உள்ள எழுத்தில் பெரும்பகுதி நிலம், வரி, விளக்கு, ஆடு பற்றியது. அணையாமல் எரியும் நந்தாவிளக்கின் நெய்ச் செலவுக்கு 90 ஆடு விட்டால், கிழடாவதும் சாவதும் குட்டிகளால் ஈடுசெய்யப்பட்டு எண்ணிக்கை என்றும் குறையாது என்ற கணக்கில் அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்று எழுதினார்கள். அரசனின் பெயர் அங்கே ஆண்டைக் குறிக்க மட்டும் வருகிறது. அந்த ஆண்டும் அவன் பட்டமேறியதிலிருந்து எண்ணப்படுவதால், ஒரே பெயரில் மூன்று அரசர்கள் இருந்துவிட்டால் 'யாண்டு 15' என்பது எந்தப் பதினைந்து என்று பின்னால் வருபவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். தங்கை மகன் தன் உலகத்தின் நூற்றாண்டுக் கணக்கை அழித்துவிட்டு ஆட்சியாண்டுக்கு மாறியபோது, எது முன், எது பின் என்று கண்டுபிடிப்பதே அவனுடைய நண்பர்களுக்கு மூன்று வார ஆட்டமாயிற்று.

முரண்படும் சான்றுகளுக்கு எடுத்துக்காட்டு தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. கடலூரை ஒட்டிக் கெடிலக்கரையில் இருக்கும் திருவந்திபுரம் கோயிலில், சோழ அரசன் மூன்றாம் இராசராசன் காலத்து, 1231-ஐ ஒட்டிய ஒரு கல்வெட்டு உள்ளது. கோப்பெருஞ்சிங்கன் என்ற காடவர் தலைவன் அந்தச் சோழச் சக்கரவர்த்தியைப் பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்ததையும், அவன் படைகள் நாட்டையும் கோயில்களையும் அழித்ததையும், இதைக் கேட்ட, கன்னட நாட்டுப் போசள அரசன் வீரநரசிம்மன் சோழ மண்டலத்தை மீண்டும் நிலைநிறுத்தியவன் என்ற புகழைப் பெறாமல் எக்காளம் ஊதுவதில்லை என்று சூளுரைத்துப் புறப்பட்டதையும் அது கூறுகிறது. அவனுடைய படைத்தலைவர்களான தண்டநாயகர்கள் இருவர் எந்தெந்த ஊர்களை அழித்துக்கொண்டு முன்னேறினார்கள், சோழனை எப்படி மீட்டார்கள் என்பதெல்லாம் அதில் ஊர்ப் பெயர்களோடு வருகின்றன. படித்து முடிப்பவருக்குக் கோப்பெருஞ்சிங்கன் கொடியவன் என்பதில் ஐயமே எழாது.

வயலூர்க் கல்வெட்டோ அதே கோப்பெருஞ்சிங்கனின் புகழ்ப்பாட்டு. தெள்ளாற்றில் சோழனை வென்று சிறையிட்ட பெருமையைப் பாடும் அதில் போசளர் வந்து மீட்ட கதைக்கு இடமில்லை. பின்னாளில் அவன் 'சகலபுவனச் சக்கரவர்த்தி' என்று பட்டம் சூடிக்கொண்டு தில்லைக்குத் திருப்பணியும் செய்தான். கோயிலை அழித்தவன் என்று ஒரு கல் சொல்ல, கோயிலுக்குக் கொடுத்தவன் என்று வேறு கற்கள் சொல்கின்றன. இரண்டையும் ஒருசேரப் படிக்கிறவருக்கே அந்த மனிதன் ஓரளவு பிடிபடுகிறான். என் தங்கை மகனுடைய 43 பக்கங்களில் இப்படி ஒருவன்கூட இல்லை, நல்லவனும் கெட்டவனும் தனித்தனியே இருந்தார்கள். ஒரே நிகழ்ச்சிக்கு வென்றவன் வெட்டிய கல் ஒன்றும், தோற்றவனை மீட்க வந்தவன் வெட்டிய கல் ஒன்றும் செய்து இரண்டு ஊர்களில் வைக்கச் சொன்னேன். ஆட்டக்காரர்களுக்குள் அன்று மூண்ட வாக்குவாதத்தில் பகடையே உருளவில்லையாம்.

எல்லை வகுக்கவும் இந்தக் கடற்கரையிலேயே பாடம் உண்டு. 1690-இல் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராத்தியரிடம் வாங்கியபோது பீரங்கிக் குண்டு போய் விழும் தொலைவுவரை உள்ள ஊர்கள் அவர்களுடையவை என்று பேச்சு. ஆற்றையோ மலையையோ பாராமல் வெடிமருந்து வரைந்த எல்லை அது. 1783 ஜனவரியில் ஐரோப்பாவில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் முதற்கட்ட உடன்படிக்கையில் கையெழுத்திட்டுவிட்டார்கள், ஆனால் கடலூரில் அவர்கள் தரையிலும் கடலிலும் மோதிக்கொண்டது அதே ஆண்டு ஜூனில். செய்தி கப்பலில் வந்து சேருவதற்குள் செத்தவர்கள் செத்தார்கள். கற்பனை உலகில் தூதன் நினைத்த நாளில் வந்து இறங்கிவிடுகிறான் என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை.

தனிமனிதர் குறிப்புக்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைக் காட்டினேன். 1736-இல் தொடங்கி, புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்த 1761 ஜனவரியில் அவர் இறக்கும் தறுவாய்வரை நீளும் அந்தக் குறிப்புகள் இல்லாவிட்டால், பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் நகரம் தமிழ்க் கண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்பதை அறிய நமக்கு வழியே இருந்திருக்காது. ஆயினும் அவர் பிரெஞ்சுக்காரருக்கு மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகருமான துபாஷி, வணிகர்; தம்மைக் குறைத்து எழுதிக்கொள்ளும் தேவை அவருக்கு இல்லை. நாட்குறிப்பு எழுதும் பாத்திரத்தை உலகில் வைப்பவர்கள் அந்தப் பாத்திரத்துக்கு யாரிடம் பகை, யாரிடம் கடன் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

இதுவரை சொன்னதில் எனக்குப் பெருமைதான். இனிச் சொல்லப்போவதில் இல்லை.

ஆட்டக்காரர்கள் கையில் கொடுத்துப் பார்க்கச் செய்யும் பொருளை 'ஹேண்ட்அவுட்' என்கிறார்கள். பாழடைந்த கோயில் ஒன்றில் கிடைப்பதாக ஒரு கல்வெட்டு வேண்டும் என்று தங்கை மகன் கேட்டபோது, நானே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். 'ஸ்வஸ்திஸ்ரீ' என்று தொடங்கி, ஆட்சியாண்டு சொல்லி, விளக்கெரிக்க நாள் ஒன்றுக்கு உழக்கு நெய் அளக்கச் சொல்லி, 'சந்திராதித்தவற்', அதாவது சந்திரனும் சூரியனும் உள்ளவரை, நிற்க என்று முடித்தேன். ஓசை நன்றாக இருக்கிறது என்பதற்காகப் பாகூர்ப் பக்கத்து உண்மையான ஊர்ப் பெயர் ஒன்றை அவன் அதில் சேர்த்திருந்தான், கண்டும் விட்டுவிட்டேன். கொடை கொடுத்தவனுக்கு நான் வைத்த பட்டப்பெயரும் இந்த வட்டாரத்தில் இன்றும் வழங்கக்கூடியதே. அவன் அதைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பலகையில் பழைய எழுத்தில் கீறி, கரிப்பொடி பூசி, மைப்படி போலவே படம் எடுத்தான். பார்த்தபோது மெச்சினேன்.

எட்டு மாதம் கழித்து, எழுபது வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவர் எங்கள் வாசிப்பறைக்கு வந்து, பையிலிருந்து ஒரு நகலை எடுத்து விரித்தார். 1,200 ஆண்டுப் பழைய கல்வெட்டு என்று கீழே யாரோ அச்சிட்டிருந்தார்கள். அதில் வரும் கொடையாளர் தங்கள் குடும்பத்து முன்னோர் என்றும், கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்ற நெடுநாள் பேச்சு இதனால் தீர்ந்துவிடும் என்றும், கும்பாபிஷேக மலரில் சேர்ப்பதற்கு முன் மூலக்கல் எங்கே என்று தெரிய வேண்டும் என்றும் சொன்னார். நான்காம் வரியைப் பார்த்தேன். 'உழக்கு' என்பதில் இடம் போதாமல் 'கு' விடுபட்டிருந்தது. என் தங்கை மகன் கீறியபோது நான் சிரித்துக்கொண்டே விட்ட பிழை அது.

விசாரித்ததில், ஐவரில் ஒருவன் அந்தப் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்ததும், அங்கிருந்து அது ஊர்க் குழுக்களுக்குப் போனதும் தெரிந்தன. யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. ஏமாற்றுகிறவன் செய்த போலியில் ஆசையின் அவசரம் தெரியும் என்பதால் எங்களைப் போன்றவர்கள் அதைப் பிடித்துவிடுவோம். விளையாட்டுக்காகப் பொறுமையாகச் செய்த போலியில் அந்த அவசரம் இல்லாததால்தான் அது தடையின்றி ஊர் சுற்றுகிறது.

அன்றிலிருந்து அவர்களுக்குச் சில கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறேன். உண்மையான ஊர், தெய்வம், குலப்பட்டம் எதுவும் கற்பனை ஆவணத்தில் வரக்கூடாது. எழுத்தை மாற்றிவிட்டால் தெரியாது என்று நினைப்பது வீண், ஏனெனில் தன் ஊர்ப் பெயரை மனிதர்கள் எந்த எழுத்திலும் கண்டுபிடித்துவிடுகிறார்கள். உயிரோடிருக்கும் பூசலைப் பெயர் மாற்றி விளையாட்டுக்குள் கொண்டுவருவதையும் ஒப்புக்கொள்வதில்லை. 'விளையாட்டுக்காக எழுதியது' என்பதைப் படத்தின் ஓரத்தில் போட்டால் வெட்டிவிடுவார்கள் என்பதால், வரிகளுக்கு நடுவிலேயே குறுக்காகப் பொறிக்க வேண்டும். அழகு கெடுகிறது என்று தங்கை மகன் முறையிட்டான், கெடட்டும் என்றேன். இத்துடன், விஷயம் தெரிந்தவர் ஒருவர் பார்த்தால் உடனே பிடிபடும்படி நடக்கவே முடியாத ஒரு தேதியையும் உள்ளே வைக்கச் சொல்கிறேன். முதலில் அவன் 'ஆனி 32' என்று போட்டான். நம் பஞ்சாங்கத்தில் ஆனிக்கு 32 நாள் வருவதுண்டு என்று சொல்லி, 'தை 32' என்று திருத்தினேன்.

அந்தப் பெரியவரிடம் அன்றே உண்மையைச் சொல்லிவிட்டேன். எழுதியவள் நான்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, நகலை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "அப்போ எங்க ஊருக்குன்னு ஒரு கல்லும் கிடையாதாம்மா?" என்று மட்டும் கேட்டார். பேழைகளைத் திறந்து பார்த்ததில், அவர் ஊர்ப் பெயரிட்ட உறையில் பழைய மைப்படி ஒன்று இருந்தது. பாதி உடைந்த கல். கொடுத்தவர் பெயர் இருக்க வேண்டிய இடம் பொரிந்துபோய், 'விட்ட சாவா மூவாப் பேராடு தொண்ணூறு' என்பது மட்டும் தெளிவாக இருந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு பள்ளிக்கூட நோட்டில் அதை எழுதத் தொடங்கினார். பெயர் சிதைந்த இடத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி, எத்தனை புள்ளி வைக்க வேண்டும் என்று கேட்டார். ஆறு எழுத்து போயிருக்கலாம், ஆறு வையுங்கள் என்றேன். எண்ணி ஆறு வைத்தார்.