வான் பாய்ந்த பிறகு படம் கீற நேரமில்லை

2018 டிசம்பர் 21 இரவு பெய்த மழையைக் கிளிநொச்சியில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறபட்டன, கண்டாவளைப் பக்கம் தண்ணீர் ஏறியது. முல்லைத்தீவிலும் அதே கதை. அடுத்த நாள், வரைபடம் செய்கிற என்னிடம் கேட்டது மூன்றே விஷயம்: எந்தப் பிரிவில் எத்தனை குடும்பம் இடம்பெயர்ந்திருக்கிறது, எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறார்கள், லொறி எந்த றோட்டால் போகலாம். பிரிவுக்கு ஒரு தாள் வேண்டும்.

கிளிநொச்சி மாவட்டத்தில் 95 கிராம அலுவலர் பிரிவுகள். என்னிடம் ஒரு மடிகணினி. கரண்ட் வந்து வந்து போனது. உண்மையில் வரைபட வேலை என்று சொல்லக்கூடியது கொஞ்சம்தான். மீதி நேரம் முழுக்கத் தலைப்பை மாற்று, திகதியை மாற்று, அளவுகோலைக் கொஞ்சம் தள்ளி வை, பிடிஎஃப் ஆக்கு, அடுத்த பிரிவுக்குப் போ. மத்தியானம் புதுப் பட்டியல் வந்தால் முதலில் இருந்து திரும்பவும். இரவாகும்போது நான் செய்த தாள்கள் காலை நிலவரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தன. வெள்ளம் அதற்குள் வேறு ஊருக்குப் போய்விட்டது.

இந்தத் தொல்லை எனக்கு மட்டும் வந்ததல்ல. 2002இல் பிரித்தானியாவில் தொடங்கிய மேப்அக்‌ஷன் என்ற தொண்டு நிறுவனம், அனர்த்தம் நடந்த இடத்துக்கே போய் வரைபடம் செய்து கொடுப்பது. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைக்கும் வந்தது. எந்த நாடானாலும் முதல் சில நாட்களில் கேட்கப்படும் படங்கள் ஏறத்தாழ ஒரே மாதிரியானவை: நிர்வாக எல்லை, போக்குவரத்து, குடியிருப்பு, தரையின் ஏற்ற இறக்கம். அவற்றை ஒவ்வொரு முறையும் மனிதன் குந்தியிருந்து கீறாமல் இருக்க அவர்கள் செய்த மென்பொருள்தான் மேப்செஃப். பெயரைப் போலவே உள்ளேயும் சமையல்கட்டு மொழிதான்: ஒரு சமையல் புத்தகம், அதில் படத்துக்கு ஒரு செய்முறை. என்னென்ன அடுக்குகள் (எல்லை, றோட்டு, குடியிருப்பு என்று ஒவ்வொன்றும் ஓர் அடுக்கு) வேண்டும், எது மேலே எது கீழே, எதற்கு என்ன நிறம் என்று எழுதி வைத்துவிட்டால், மென்பொருள் கோப்புறைக்குள் போய்த் தரவை எடுத்து அடுக்கி, தலைப்பும் போட்டுப் படத்தை வெளியே தரும்.

சரியான தரவை அது எப்படிக் கண்டுபிடிக்கிறது? கோப்பின் பெயரைப் பார்த்து. அவ்வளவுதான். அதனால் பெயரிடுவதற்கு அவர்களிடம் ஒரு கண்டிப்பான ஒழுங்கு உண்டு: முதலில் நாடு, பிறகு தரவின் வகை, உட்பிரிவு, புள்ளியா கோடா பரப்பா, எந்த அளவு, யார் கொடுத்தது, யாருக்குக் காட்டலாம். நமது கணினிகளில் கிடக்கும் பெயர்கள் உங்களுக்கே தெரியும்: 'றோட்டு புதுசு', 'றோட்டு புதுசு கடைசி', 'றோட்டு உண்மையான கடைசி'. எந்த மென்பொருளையும் இந்தக் கோப்புறைக்குள் அனுப்பினால் வெறுங்கையோடுதான் திரும்பும்.

பெரிய ஏற்பாடு எதுவும் இல்லாதவர்களுக்கு, இலவசமாகக் கிடைக்கும் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் உள்ள அட்லஸ் என்ற வசதியே போதும். ஒரு தாளை ஒழுங்காக வடிவமைத்துக் கொடுத்தால், எல்லைக் கோப்பில் உள்ள 95 பிரிவுகளுக்கும் 95 தாள்களை அதுவே தள்ளும். தலைப்பும் பிரிவின் பெயரும் தானாக மாறும். இதைக் கற்றுக்கொள்ள ஒரு சனிக்கிழமை காணும்.

ஆனால் இயந்திரம் பிழையையும் அதே வேகத்தில் 95 தாளில் போடும். நான் செய்த பிழை ஒன்றைச் சொல்கிறேன். வந்த பட்டியலில் 'மாந்தை' என்று மட்டும் இருந்தது. மாந்தை கிழக்கு துணுக்காய்க்குப் பக்கத்தில், முல்லைத்தீவு மாவட்டம்; மாந்தை மேற்கு மன்னார் மாவட்டம். பெயரைப் பொருத்தச் சொன்ன என் கட்டளை, முதலில் கண்ட மாந்தையில் எண்ணைப் போட்டுவிட்டது. படம் வடிவாக வந்தது, வட்ஸ்அப்பில் ஓடியது. மன்னாரில் இருந்து ஒருவர் அழைத்து, "தம்பி, எங்கட சனத்தை நீங்கள் துணுக்காய்ப் பக்கம் குடியேத்திப்போட்டியள்" என்று சிரித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

இதற்குத்தான் இடக்குறியீடுகள் இருக்கின்றன. ஐ.நா. மனிதாபிமான அலுவலகம் பகிரும் எல்லைக் கோப்புகளில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் எண் உண்டு. முன்னால் நிற்கும் LK என்ற நாட்டுக் குறிக்குப் பிறகு மன்னார் 42, முல்லைத்தீவு 44, கிளிநொச்சி 45 என்று தொடங்கும். பெயரை எப்படி எழுதினாலும் எண் ஒன்றுதான். புதுக்குடியிருப்பை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். போதாததற்கு மட்டக்களப்பிலும் ஒரு புதுக்குடியிருப்பு இருக்கிறது. உங்கள் எக்செல் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் அந்த எண்ணுக்கு ஒரு நிரல் ஒதுக்குங்கள். வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

அடுத்த தலையிடி பாமினி. இன்னும் பல பட்டியல்கள் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சாகின்றன. திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தும் குறிகளும். அதை யுனிகோடுக்கு மாற்றாமல் படத்தில் ஏற்றினால், முரசுமோட்டை என்ற ஊர்ப்பெயர் இருக்கவேண்டிய இடத்தில் யாருக்கும் வாசிக்க முடியாத ஒன்று நிற்கும். மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே உண்டு. ஆனால் அதை ஆடியில் செய்ய வேண்டும், மார்கழி வெள்ளத்துக்குள் நின்றுகொண்டு அல்ல.

ஆள்கூற்றிலும், அதாவது இடத்தைச் சொல்லும் எண்களிலும், ஒரு பொறி. நில அளவைத் திணைக்களத்தின் பழைய 1:50,000 தாள்கள் கந்தாவல என்ற இடத்தை ஆதாரப் புள்ளியாக வைத்து அளந்தவை. அதன் ஆள்கூற்றுக் கட்டத்தில் மையப் புள்ளிக்குக் கொடுத்த எண் 200,000 மீற்றர். 1999க்குப் பிறகு வந்த புதிய கட்டத்தில் அது 500,000. பழைய எண்ணைப் புதியது என்று சொல்லி ஏற்றினால் ஊர் 300 கிலோமீற்றர் மேற்கேயும் அதேயளவு தெற்கேயும் நகர்ந்து, கொழும்புக்கு மேற்கே நடுக்கடலில் கிளிநொச்சி மிதக்கும். இந்தப் பிழை கண்ணுக்குத் தெரிவதால் நல்லது. (கந்தாவல நீர்கொழும்புப் பக்கம். எங்கள் கண்டாவளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. புதிதாக வருகிற பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் கேட்கிறார்கள்.)

கண்ணுக்குத் தெரியாத பிழை வெள்ளப் படத்தில்தான் வரும். சென்டினல்-1 செய்மதியின் ராடார் மேகத்தையும் இருட்டையும் ஊடுருவிப் பார்க்கும். மென்பொருள் அதில் கறுப்பாகத் தெரிகிற இடத்தையெல்லாம் தண்ணீர் என்று குறித்துவிடும். தண்ணீர்தான், பொய்யில்லை. ஆனால் டிசம்பரில் வன்னியில் காலபோக (மாரிகால) நெல் வயலில் தண்ணீர் நிற்காமல் வேறு என்ன நிற்கும்? குளம் நிரம்பாமல் என்ன செய்யும்? வயலையும் குளத்தையும் முன்கூட்டியே கழித்துவிடும் ஓர் அடுக்கு இல்லாவிட்டால், விவசாயி சந்தோஷப்படும் இடமெல்லாம் அனர்த்தமாக நிறமடிக்கப்படும். மறுபக்கம், காட்டுக்குள்ளும் பனங்கூடலுக்குள்ளும் நிற்கிற வெள்ளம் ராடாரில் பெரும்பாலும் தெரியாது. அங்கே வீடுகள் இருக்கின்றன.

கண்ணிவெடி அகற்றி முடியாத நிலங்களின் அடுக்கை வன்னிப் படத்தில் விடவே கூடாது. வெள்ளம் மண்ணை அரித்து வெடிபொருளை இடம் மாற்றும். வெளிமாவட்டத்திலிருந்து உலர் உணவோடு வருகிற தொண்டருக்கு இது தெரியாது. அந்த அடுக்கும் அதன் திகதியும் இல்லாவிட்டால் படமே வெளிவராதபடி என் கட்டளையில் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு மாரியில் அதனால் சுணங்கி, எல்லாரிடமும் பேச்சு வாங்கினேன். இன்னும் மாற்றவில்லை.

நிறம் பற்றி ஒரு சொல். நமது அலுவலகங்களில் பிரதி எடுப்பது கறுப்பு வெள்ளையில், ஏ4 தாளில். சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகிவிடும். கோடு, புள்ளடி, கட்டம், புள்ளி என்று வேறுபடுத்துங்கள்.

இப்போது நான் செய்வது இது: புரட்டாசியில் எல்லாப் பிரிவுக்கும் வெறும் அடிப்படைத் தாள் ஒன்றை அட்லஸில் எடுத்து, ஒவ்வொரு கிராம அலுவலரிடமும் பேனையோடு கொடுக்கிறேன். போன முறை ஒரு ஐயா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நான் தடித்த கோடாகப் போட்டிருந்த றோட்டில் குறுக்கே கீறினார். "இதால லொறி போகேலாது தம்பி. மதகு உடைஞ்சு கிடக்கு. மாட்டு வண்டிப் பாதை ஒண்டு இருக்கு, அதைப் போடுங்கோ." அந்தப் பாதை எந்தச் செய்மதிப் படத்திலும் தெளிவாக இல்லை. அவர் கீறிய தாளைப் படமெடுத்து, பாதையைக் கோப்பில் சேர்த்து, திகதியும் போட்டு வைத்திருக்கிறேன்.